அரசு வீட்டின் குளிர்ச்சி

1984 மே மாதம். மங்கம்மாளுக்குக் கொடுத்த அரசு வீட்டின் சிமெண்ட் ஷீட் கூரை வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க, புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்திருந்தார் அதிகாரி அருணகிரி. ஆணியில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வெளிய முப்பத்தாறு டிகிரி, உள்ள இருபத்தேழு! நாளைக்கு இங்க கரண்டு வந்தாலும் ஃபேனே வேணாம். எவ்ளோ மின்சாரம் மிச்சம் பாத்தியாம்மா?”

“நல்லதுங்க” என்று மங்கம்மாள் கேழ்வரகுக் கூழை நீட்டினாள்.

குடித்து முடித்தவர், ‘அரசு வீடு மிகவும் குளிர்ச்சியாக உள்ளது. இதேபோல் இன்னும் நூறு கட்டலாம்’ என்று எழுதினார்.

மங்கம்மாள் தயங்கினாள். “அய்யா, கெவுருமெண்டு வூடு அதோ எதுத்தாப்புல இருக்குதுங்க. நீங்க குந்தினு இருக்கறது எங்க பழைய மண் குடிசைங்க.”

“தெரியும்மா. அந்த வூட்ல நாப்பத்தோரு டிகிரி. அங்க மனுசன் குந்தி எழுத முடியுமா?”

சொன்ன பிறகுதான் ஒன்றை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. பேனாவைத் திறந்து கடைசி வரியைச் சேர்த்தார்:

‘எதிரிலுள்ள மண் குடிசையில் நாற்பத்தோரு டிகிரி. மனிதர் வாழத் தகுதியற்றது. உடனே இடிக்கவும்.’