சிங்க்குக்கு அடியில் உறுமல்

மூன்று வருடம் தாங்க வேண்டிய செப்டிக் டேங்க் ஒரே வருடத்தில் நிரம்பிப் பொங்க, தெருவே மூக்கைப் பொத்தியது. மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. சிங்க்குக்கு அடியில் மருமகள் வாங்கி மாட்டிய, மிச்சச் சாப்பாட்டை அரைத்துத் தள்ளும் மெஷின்தான் காரணம்.

“நம்ம டேங்க் தாங்காது, அதைத் தொடாதேன்னு அப்பவே சொன்னேனே?”

“சத்தியமா தொடலை அத்தை. மிச்சத்தையெல்லாம் குப்பைத் தொட்டியிலதான் போடறேன்.”

“அப்ப, நான் குளிக்கப் போனதும் தினமும் உறுமுறது என்ன, பூனையா?”

“அந்த நேரம் நான் மாடியில துணி காயப்போடறேன்.”

“அதுக்கு யாரு சாட்சி? உங்க மாமாவைப் பாரு. சர்க்கரைக்காக நான் குடுக்கிற உப்பில்லாத ஓட்ஸை ஒரு வாய் மிச்சம் வைக்காம சாப்பிட்டு, கிண்ணத்தையும் அவரே கழுவி வைக்கிறார். உனக்குத்தான் எல்லாத்துக்கும் மெஷின்!”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார், வரவழைத்திருந்த பிளம்பர் பக்கம் திரும்பினார். “கழட்டி எடுத்துட்டுப் போங்கப்பா. பொய் சொல்றவளுக்கு மெஷின் ஒரு கேடா?”

பிளம்பர் மெஷினைக் கழற்றிக் கவிழ்த்தார். வெள்ளையாக ஏதோ கொழகொழவென்று விழுந்தது.

“ஓட்ஸும்மா. சரியாக்கூட அரைபடலை. இன்னிக்குப் போட்டதுதான்.”

மாமியார் மெல்லத் திரும்பினார்.

வாசலில் மாமா அவசர அவசரமாக வலது காலில் இடது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.