மஞ்சள் கட்டம்

"அந்த வாளியைக் குடுங்கக்கா."

வேளாங்கண்ணி எழுந்திருக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட அந்தப் பெயின்ட் வாளிதான் அவளுக்கு ஆசனம். முதலாளி தலை மறைந்தால் உட்காருவாள், தலை தெரிந்தால் எழுந்துகொள்வாள்.

"எதுக்கும்மா? அதுபாட்டுக்கு ஓரமாத்தானே கெடக்கு."

"சட்டை தைக்கிற எடத்துல பெயின்ட் வாளிக்கு என்ன வேலை? வேண்டாததை மொதல்ல வெளியேத்தணும். ஜப்பான்காரங்க முறை அதுதான்."

சொன்ன கையோடு வாளியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டித் தூக்கிக்கொண்டு போயே விட்டாள் ரூமானா.

அன்னவாசலில் சட்டைக் கம்பெனி நடத்தும் ஷேக் பரீதுக்கு அவள் அக்கா மகள். ஓசூரில் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஜப்பானுக்குச் சட்டை அனுப்பும் ஆர்டர் கிடைக்க வேண்டுமானால் கம்பெனியும் அவர்கள் ஒழுங்குக்கு வர வேண்டும். அதற்காகத்தான் மாமா அவளை வரவழைத்திருந்தார்.

வந்த நாளாய் அந்தப் பெண்ணுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கத்தரிக்கோல் மாட்டப் பலகை அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் அதிலேயே வரைந்து வைத்தாள். எது காணோம் என்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அயர்ன் பாக்ஸுக்குத் தரையில் ஒரு மஞ்சள் கட்டம். துணி மூட்டைக்கு ஒரு கட்டம். விளக்குமாற்றுக்குக்கூட ஒன்று.

"பொருள் கட்டத்தை விட்டு வெளிய போகக் கூடாது. கட்டமும் காலியாக் கெடக்கக் கூடாது" என்றாள்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள கம்பெனி பூரா கோலம் போட்டு முடிச்சிருவா போல" என்றாள் அன்புச்செல்வி, பிசிறு வெட்டிக்கொண்டே.

சிரித்தார்கள். பெண்கள் நாள் முழுக்க நின்றே சட்டை சரிபார்க்கும் செக்கிங் மேசையோரம் ரூமானா பிரஷ்ஷோடு மண்டி போட்ட அன்று அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஆளுக்கொரு கட்டம். சரியாக அவரவர் நிற்கிற இடத்தில்.

"இது எதுக்குடி?" என்றாள் வேளாங்கண்ணி.

"வேற எதுக்கு? நாம இதுக்குள்ளயே நிக்கணும். நம்மளையும் மூட்டையோட சேத்துட்டா" என்றாள் அன்புச்செல்வி.

அந்தப் பக்கம் வந்த ஷேக் பரீது குனிந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அப்படிப் போடு! இனிமே யாரும் இங்கிட்டு அங்கிட்டு நகர முடியாதுல்ல?"

ரூமானா பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தோய்த்தாள்.

வேளாங்கண்ணிக்கு முட்டி விண்விண் என்று தெறித்தது. சாப்பாட்டு நேரத்தில் ரூமானாவை மடக்கினாள்.

"ஏம்மா, எனக்கு முட்டி தேஞ்சுபோச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த வாளியையாவது திருப்பிக் குடு."

"வாளி வராதுக்கா. ஜப்பான்காரங்க சார்பா ஆய்வுக்கு ஆள் வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்கங்க."

"அவரு வந்துட்டுப் போனா புது முட்டி மொளைச்சிருமா?"

ரூமானா பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"மொதலாளி வீட்டுப் பொண்ணு, வேற எப்படி இருப்பா?" என்று முணுமுணுத்தாள் வேளாங்கண்ணி. "ஆய்வு முடியட்டும் அன்பு. நிக்க முடியல, அதனால வேலையிலேர்ந்து நின்னுக்கிறேன்."

அன்புச்செல்விக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

ஆய்வு நாளும் வந்தது. சென்னையிலிருந்து வந்த ரெங்கசாமி கத்தரிப் பலகையைப் பார்த்தார், தலையாட்டினார். "நீல நூல் எடுங்க" என்றார். கண்ணிமைப்பதற்குள் கையில் இருந்தது. ஷேக் பரீது ஒரு சுற்றுப் பெருத்தே போனார்.

செக்கிங் மேசை வந்தது. கட்டத்துக்கு ஒருத்தியாகப் பெண்கள் நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா." ரெங்கசாமி வேளாங்கண்ணியின் காலடியைப் பார்த்தார். "இந்தக் கட்டத்துல இருக்க வேண்டிய பொருள் எங்க?"

"பொருள் இல்ல சார்" என்று சிரித்தார் ஷேக் பரீது. "ஆளுங்க நிக்கிறதுக்கு..."

"ஆளுக்கா? பொருளை வைக்கத்தாங்க இந்தக் கட்டம். காலியா இருந்தா அது குறை. வரிசை பூரா காலியா இருக்கு! இப்படி இருந்தா ஆர்டர் எப்படிக் குடுப்பாங்க?"

ரூமானா முன்னே வந்தாள்.

"நாற்காலிங்க சார். ஆளுக்கு ஒண்ணு. இன்னிக்கு வந்துரும்னு மாமா சொல்லியிருக்காங்க."

ஷேக் பரீது அவளை முறைத்தார். அவள் நாற்காலிப் பேச்சை எடுத்தபோதெல்லாம், 'உக்காந்தா கண்ணு சொருகும், வேலை ஓடாது' என்று விரட்டியவர் அவர்தான்.

"அப்படிங்களா?" என்றார் ரெங்கசாமி.

"ஆ... ஆமா சார். புதுக்கோட்டையிலேர்ந்து வண்டி கெளம்பிருச்சு."

சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வேளாங்கண்ணி ரூமானாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாளி இருந்திருந்தா மாமா, 'அதையே கட்டத்துல வை, போதும்'னுருப்பாருக்கா" என்றாள் அவள், காதோரமாய்.

வேளாங்கண்ணி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்கடி! அது நாற்காலி எடம்."