புதன்கிழமைத் தவறு

நீர்க்காகத்தின் காலடியில் ‘தாழைக்கோழி’ என்று எழுதியிருந்தது. தாழைக்கோழியின் காலடியில் ‘நீர்க்காகம்’.

காப்பாட்சியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு அவர் மாற்றலாகி வந்து மூன்றே வாரம். முதல் வாரம் ஆந்தைக்குக் கூகை என்று பெயர். போன வாரம் கொக்குக்கு நாரை. மூன்றுமே மாடியிலிருக்கும் பறவைக்கூடத்தில், மூன்றுமே புதன்கிழமைக் காலையில்.

கூடத்துக் காவலரை அறைக்கு வரச்சொன்னார்.

“கண்ணாடிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான் மேடம்.”

“அப்ப அட்டையை மாத்தினது யாரு?”

ஐம்பத்தைந்து வயதுக் காவலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன புதன்கிழமை ஒரு டீச்சர் நாப்பது பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அத்தனையும் கொக்கை நாரைன்னு நோட்டுல எழுதிட்டுப் போயிருக்கு. இந்த ஊர்ல ஏரி இருந்துச்சு, இத்தனை பறவை இருந்துச்சுன்னு சொல்றதுக்கு நம்மளை விட்டா வேற சாட்சி கிடையாது. அதுல போய் விளையாடுறீங்களா?”

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு டாக்டர் தன் வீட்டு வராந்தாவில் அடுக்கிவைத்த சிப்பிகளிலும் முட்டைகளிலும் தொடங்கிய மியூசியம் அது. நூற்றுப்பத்து வருஷமாகிறது. அதற்குள் ஊர் வீங்கி, ஏரியைத் தூர்த்து, அதன் மேல் பஸ் நிலையமும் கட்டியாகிவிட்டது. ஏரிப் பறவைகளில் மிச்சம், மாடியில் பஞ்சடைத்து நிற்கும் இந்த அறுபத்தெட்டுதான். ஆனால் வருகிறவர்கள் கீழே திமிங்கல எலும்புக்கூட்டுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். மாடி ஏற யாருக்குப் பொறுமை இருக்கிறது?

“திங்கள்கிழமையிலேர்ந்து உங்களுக்கு ஸ்டோர் ரூம்ல டியூட்டி. ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு.”

ஸ்டோர் ரூம் என்பது ஜன்னல் இல்லாத நிலவறை. பூட்டிய அலமாரிகளும் பாச்சை உருண்டை வாசனையும்தான் பேச்சுத்துணை. காவலரின் முகம் சுண்டிப்போனது.

“வேற எந்தத் தண்டனை வேணா குடுங்க மேடம். பறவைக்கூடத்தை மட்டும் எடுத்துடாதீங்க. பெரியவர் வருவாரு.”

“எந்தப் பெரியவர்?”

தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பறவைகளையெல்லாம் பஞ்சடைத்துப் பாடம் செய்து, பெயர் அட்டைகளையும் தன் கையால் எழுதியவர். ஓய்வு பெற்றுவிட்டார். போன வருஷம் ஒருநாள் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், தூசி தட்டும்போது இடம் மாறிப்போயிருந்த இரண்டு அட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அன்னிக்கு அவரு முகத்தைப் பாத்திருக்கணும் மேடம். என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அப்புறம் ரெண்டு பேருமா பெட்டியைத் திறந்து சரிபண்ணினோம். மதியம் வரைக்கும் பேசிட்டிருந்தாரு. போறப்பத்தான் சொன்னாரு, வீட்ல யாருமே இல்லையாம். ஒரு வார்த்தை பேச நாதி இல்லையாம்.”

“அதுக்கு?”

“சும்மா வாங்கன்னா வரமாட்டாரு, ரோஷக்காரர். வேலை இருந்தாத்தான் வருவாரு. அதான் செவ்வாய்க்கிழமை பூட்டறப்ப ரெண்டு அட்டையை மாத்தி வச்சுடுவேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து கண்டுபிடிப்பாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பொருத்தமா மாத்தறதுக்கு இப்ப பறவையே இல்ல மேடம். எல்லாத்தையும் ஒரு சுத்து மாத்தியாச்சு.”

காப்பாட்சியருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இதையெல்லாம் எழுதிக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்.”

அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனார். மணி பதினொன்று. பெரியவர் வந்திருந்தார். அட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. காவலரின் காலி ஸ்டூலைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவ்வளவு பெரிய கூடத்தில் மூச்சு விடுகிற ஜீவன் அவர் ஒருவர்தான். பாவம், வீட்டிலும் இப்படித்தானே என்று காப்பாட்சியருக்கு மனசு கனத்தது.

“இங்க இருப்பானே, அவன் இன்னிக்கு லீவாம்மா?”

“இல்லைங்க ஐயா. நான் இங்க புதுசா வந்திருக்கற காப்பாட்சியர். அட்டை விஷயத்தை அவர் எல்லாம் சொல்லிட்டாரு. அவரை ஸ்டோர் ரூமுக்கு மாத்தறதா இருக்கேன்.”

பெரியவர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வேண்டாம்மா. அவன் சம்சாரம் போய் ஒன்றரை வருஷம் ஆகுது. புள்ளகுட்டி கிடையாது. வீட்டுக்குப் போனா சுவரு, இங்க வந்தா கண்ணாடி. போன வருஷம் நான் வந்தப்ப அவனுக்குக் குரலே சரியா எழும்பல. வாயைத் திறந்து எத்தனை நாளாச்சோ. எப்படிப்பா இருக்கேன்னு கேட்டா, எனக்கென்ன குறைன்னு முறைப்பான்.”

“அப்ப அவர் மாத்தி வைக்கிறது உங்களுக்கு...”

“நான் பாடம் பண்ணின பறவைம்மா. அட்டை தானா மாறிச்சா, மாத்தி வச்சதான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பஸ் மாறி வந்து திட்டிட்டுப் போறேன். திட்டினாத்தான் சிரிக்கறான். அவனைக் கீழ அனுப்பிடாதீங்க.”

காப்பாட்சியர் கண்ணாடிக்குள் இருந்த அட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

“சரிங்க ஐயா, அவர் இங்கயே இருக்கட்டும். ஆனா அட்டை மாறக் கூடாது. எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு. புதன்கிழமை ரெண்டு பேருமா உக்காந்து, வாரத்துக்கு ஒண்ணுன்னு புதுசா எழுதுங்க.”

பெரியவர் தலையாட்டினார்.

“மத்த நாள்லயும் வாங்க ஐயா. வீட்ல யாருமே இல்லாம எப்படித்தான் பொழுதை ஓட்டறீங்களோ.”

பெரியவர் மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அது அவனுக்காகச் சொன்ன பொய்ம்மா. வீட்ல நாங்க ஒன்பது பேரு.”