மூட வேண்டிய கணக்கு

"முதல்ல அம்மாவோட ஃபேஸ்புக் கணக்கை மூடிடலாம், பாபா."

கதோனி போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். வச்சிரா வாயில் போடப்போன சேப்பங்கிழங்கைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

மகள் நைரோபியிலிருந்து நியேரிக்கு வந்ததே இந்த வேலையாகத்தான். அப்பாவுக்கு வயசாகிறது. நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால் அவருடைய மெயில், ஃபேஸ்புக், போட்டோ எல்லாம் யார் கைக்குப் போவது என்று இப்போதே ஏற்பாடு செய்துவிட வேண்டுமாம். அவரும் சரி என்றுதான் உட்கார்ந்தார். செத்துப்போன மனைவி நியாகியோவின் கணக்கில் கை வைப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"என்னம்மா பேச்சு இது? உன்னைப் பெத்தவ பக்கம்மா அது!"

"செத்துப் போனவங்க கணக்கைத் திறந்தே வெச்சா, எவனாவது புகுந்து விளையாடுவான் பாபா."

"அதெல்லாம் ஒருத்தனும் புகுந்ததில்லை!" வச்சிரா அவசரமாகச் சொன்னார்.

நியாகியோவின் சிரிப்பு ஊருக்கே தெரியும். சந்தையில் பேஷன் பழக் கூடைக்குப் பின்னால் அவள் சிரித்தால், எதிரே மட்டாட்டு வேனில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் வச்சிராவுக்குக் கேட்கும். ஹாரன் அடித்துப் பதில் சொல்வார். அதெல்லாம் ஒரு காலம்!

படுக்கையில் விழுந்த பிறகும் மகளின் இனி வரும் பிறந்தநாட்களுக்கென்று வருஷத்துக்கு ஒன்றாக வாழ்த்து எழுதி வைத்தாள். "அன்னிக்கு என் பக்கத்துல போட்டுடுங்க. நானே அனுப்பின மாதிரி இருக்கட்டும்" என்று பாஸ்வேர்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று வாழ்த்தோடு அது தீர்ந்துவிட்டது. அவள் போன பிறகு வந்த நாலாவது பிறந்தநாளன்று கதோனி காலையிலிருந்து போனையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். வச்சிராவுக்கு மனசு கேட்கவில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தி, மனைவி பெயரில் தானே ஒன்று எழுதிப் போட்டுவிட்டார். வருஷா வருஷம் அதே கதைதான்.

கணக்கை மூடினால் இனி அதுவும் கிடையாது.

"பொறந்தநாளானா அவ வாழ்த்து வருதே. அதுவுமா வேண்டாம் உனக்கு?"

"வேண்டாம்."

"அடிப்பாவி! பெத்தவளை ரெண்டாந்தரம் புதைக்கச் சொல்றியே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கதோனி போனைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு யார் பேரு பாபா வெச்சீங்க?"

"என்னைப் பெத்தவ பேரு. அதனாலதானே வாய் நிறைய உன்னை அம்மா, அம்மான்னு கூப்பிடறேன்."

"சரி. அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

'மாமியாரே! பால் குடிச்சீங்களா மாமியாரே?' என்று டம்ளரோடு குழந்தையைத் துரத்திக்கொண்டு ஓடும் நியாகியோவின் குரல் வச்சிராவின் காதில் கேட்டது.

"முதல் மூணு வாழ்த்துல 'என் மாமியாரே'ன்னு இருக்கு. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் 'என் அம்மாவே'. அம்மா ஒரு நாள்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லையே."

அவர் தலை தானாகக் குனிந்தது. "அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே!"

"அப்ப இப்ப மட்டும் எதுக்கு மூடச் சொல்றே?"

கதோனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எழுதினதைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டேன். இதைத் திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் நீங்க அம்மாவுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்குவீங்க. நாளைக்கு நீங்க இல்லாதப்ப உங்க பக்கத்தைத் திறந்து பார்த்தா, அதுல எனக்குன்னு ஒரு வரிகூட இல்லை பாபா. இந்தப் பொறந்தநாளுக்காவது உங்க பேர்ல எழுதுங்க."