திரைக்குப் பின்னால் ஒரு படி

"இவன் ரெண்டு படி வெச்சிருக்கான்!"

ஹுல்தா போட்ட சத்தத்தில் திபேரியா கடைத்தெருவே நகூமின் கடை முன்னால் கூடிவிட்டது. ஓய்வுநாளுக்கு முந்தின மத்தியானம், எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் ஒருவன் மாட்டிக்கொள்வதைப் பார்க்க யாருக்குத்தான் நேரமில்லை?

சந்தை அதிகாரி மத்தியா தன் முத்திரைப் படியை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பொல்லாத மனுஷர். படியைத் துடைக்காமல் வைத்திருந்தான் என்று சொந்த மச்சானையே நடுச்சந்தையில் நிற்கவைத்து மானத்தை வாங்கியவர்.

"என்னம்மா விஷயம்?"

"வயல்ல பொறுக்கற பார்லியை இவன்கிட்டதான் ஐயா போடறேன். படிக்கு ஒரு கரண்டி எண்ணெய் தருவான். பயறு விக்கும்போது இதோ, வாசல்லயே அளக்கறான். என் பார்லியை மட்டும் திரைக்குப் பின்னால தூக்கிட்டுப் போறான். அங்கேர்ந்து 'மூணு படி'ன்னு குரல் மட்டும் வருது!"

"ஏம்ப்பா, உள்ள எதுக்குக் கொண்டு போறே?"

நகூம் திரையையும் ஹுல்தாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முழிக்கிற முழியைப் பாருங்க," என்றான் எதிர்க்கடைச் செருப்புக்காரன். "வாங்கறதுக்குப் பெரிய படி, விக்கறதுக்குச் சின்னப் படி. நாம பார்க்காத வித்தையா?"

"புருஷன் போனப்புறமும் நான் யார்கிட்டயும் கையேந்தினதில்ல," என்றாள் ஹுல்தா. "ஏழைங்களுக்கு ஊர்ல வைக்கற தருமக் கூடைப் பக்கம் திரும்பினதுகூட இல்ல. பொறுக்கறது பிச்சையில்ல, அறுப்புல கீழே விழற கதிர் மோசே சட்டம் எனக்குக் கொடுத்த பங்கு. இந்த ஊர்ல என்னை மாதிரி பொறுக்க ஆள் கிடையாது. நாலு படி வரணும் ஐயா. மூணுன்னு ஏமாத்தறான்!"

மத்தியா முதலில் வாசல் படியைச் சோதித்தார். முத்திரைப் படியால் பயறு அளந்து அதில் கொட்டினார். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது.

பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நகூம் பின்னாலேயே ஓடினான். கள்ளப்படி அகப்பட்டால் அவன் கதை முடிந்தது. அப்புறம் அவனிடம் ஒருத்தரும் உப்புக்கூட வாங்க மாட்டார்கள்.

உள்ளே தானியம் கொட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் குசுகுசுவென்று பேச்சு.

"பேரம் நடக்குது," என்றான் செருப்புக்காரன்.

படாரென்று மண்பாண்டம் உடைந்தது. மத்தியா வெளியே வந்தார்.

"இன்னொரு படி இருந்தது. கள்ளப்படிதான். உடைச்சிட்டேன். இனிமே இவன் எல்லாத்தையும் வாசல்லதான் அளக்கணும்."

"எவ்வளவு பெரிசு ஐயா?"

"கள்ளப்படிக்கு அளவு ஒரு கேடா? ஓய்வுநாள் கொம்பு ஊதப் போறாங்க, வீட்டுக்குப் போங்க!"

கூட்டம் காறித் துப்பிவிட்டுக் கலைந்தது. "கேக்க நாதியில்லன்னுதானேடா திருடினே?" என்று ஹுல்தா அழுதுகொண்டே போனாள்.

மத்தியா மட்டும் நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. வாங்கறதுக்குச் சின்னப் படி வெச்சிருக்கற வியாபாரியை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"சொன்னா, அவங்க கொண்டு வர்றது ரெண்டரைப் படிதான்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே ஐயா. அவங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு. முன்ன மாதிரி பொறுக்க முடியல. ஒரு நாள் ஒரு கை பயறு கூடப் போட்டேன். 'என்னைப் பிச்சைக்காரின்னு நினைச்சியா'ன்னு மூஞ்சியிலயே விட்டெறிஞ்சாங்க."

"சின்னதோ பெரிசோ, கள்ளப்படி கள்ளப்படிதான். கடையில இருக்கவே கூடாது."

"தெரியும். அதான், திருடன்னு சொன்னப்போ பேசாம கேட்டுக்கிட்டேன்."

"ஓய்வுநாள் கழிஞ்சு மூட்டையோட வருவா. ஊரே வேடிக்கை பார்க்கும். நாலு வரும்னு வேற சொல்லிட்டா. ரெண்டரைல நின்னா?"

நகூம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அவ யார் வயல்ல பொறுக்கறா?"

"உங்க வயல்லதான் ஐயா."

மத்தியா முத்திரைப் படியை இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஓய்வுநாள் கழிந்த மறுநாள் காலை, மத்தியா தானே அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். இம்மி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கை அது. அன்றைக்கு என்னவோ, பிடித்த கதிரெல்லாம் அதிலிருந்து ஒன்றும் இரண்டுமாய் நழுவி விழுந்துகொண்டே இருந்தது. பின்னால் ஹுல்தா குனிந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, கதிரெல்லாம் கீழே போகுதே!" என்றான் அறுப்புக்காரன்.

"விழுந்ததை எடுக்கக் குனியக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அது அவங்க பங்கு. உன் வேலையைப் பாரு."

சாயங்காலம், கதிரை அடித்துப் புடைத்து ஹுல்தா மூட்டையோடு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே கூட்டம் வந்திருந்தது. நகூம் வாசலிலேயே அளந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. அவனாலேயே நம்ப முடியவில்லை, நாலாவது படியும் நிறைந்தது. படியைத் தலை தட்டினான்.

கூட்டத்தின் ஓரத்தில் மத்தியா அங்கியில் ஒட்டியிருந்த பார்லிச் சுணையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு!" ஹுல்தா ஊரையே திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "பார்த்தீங்களா? இத்தனை நாளா என்கிட்ட எவ்வளவு திருடியிருப்பான்!"

நகூமின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாக்கா. மன்னிச்சிடுங்க," என்றான்.