ஏணிப்படித் தக்கை

இரண்டு கோரைகளும் பார்வைக்கு ஒன்றுதான். தண்டை நகத்தால் கீறினால்தான் தெரியும். சாதாரணக் கோரையில் உள்ளிருக்கும் வெள்ளைத் தக்கை முழுதாக ஓடும், அரிய வகையில் ஏணிப்படிபோல விட்டுவிட்டு நிற்கும். அரியது இருந்துவிட்டால் இந்த மலைச் சதுப்பை மூடிச் சாலை போட முடியாது.

ஆய்வாளர் பியூலா காலையிலிருந்து கீறியதெல்லாம் முழுத்தக்கை. சதுப்பின் ஊற்றை நம்பியிருக்கும் கீழூர்க்காரன் தருமன் கூடவே வந்தான்.

"அந்த ஓரத்துல பாத்தீங்களா மேடம்?"

போய்க் கீறினாள். ஏணிப்படி. பக்கத்துத் தண்டிலும் ஏணிப்படி. இந்த ஒரு கொத்தில் மட்டும் எப்படி? திரும்பிப் பார்த்தாள். தருமன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து கொத்தின் அடியைப் பிடித்தாள்.

"ஐயோ, இழுக்காதீங்க மேடம்!" என்று ஓடிவந்தான். "இன்னும் வேர் புடிக்கல."