கடைசி வட்டம்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு புள்ள. வண்டி கிளம்பப் போகுது."

"வேணாம். நீங்க படிச்சு முடிச்சுட்டு வாங்க. வந்ததும் கேக்குறேன்."

திண்டுக்கல் ரயில் நிலையத்தில், கல்யாணமாகி நாற்பதாவது நாள் அய்யம்மாள் சொன்னது இது. பதினாலு மாதம் கழித்து அதே நிலையத்தில் வந்து இறங்கியபோதும் சோலைமுத்துவுக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகத்தில் நின்றது.

மராமத்து இலாகாவில் ஜூனியர் இன்ஜினீயராக இருந்தவன், மேல் பதவிக்குப் போக வேண்டும் என்று சென்னைக்குப் போய்ப் பட்டமேற்படிப்பில் சேர்ந்தான். அணை, பாலம் போன்ற பெரிய வேலைகளை நாள் தவறாமல் திட்டமிட்டு நடத்துகிற நிர்வாகப் படிப்பு. அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. விடுமுறைகளில்கூட அணைக்கட்டுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது முதல் வகுப்பில் தேறி, அசிஸ்டெண்ட் இன்ஜினீயர் உத்தரவும் கைக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவன் சட்டைப் பையில் இருந்த ஒரு கடிதம். மூன்றாவது மாதமே, 'பாடம் தலைக்கு மேல் போகிறது, திரும்பி வந்துவிடுகிறேன்' என்று வீட்டுக்கு எழுதியிருந்தான். பெண் எட்டாம் வகுப்பு படித்தவள் என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். ஆனால் அய்யம்மாளின் பதிலைப் பார்த்து அவன் அசந்துபோனான். முத்து முத்தான எழுத்து.

'நம்ம வீடு அஸ்திவாரத்தோட நிக்குது. நீங்களும் அப்படி நின்னுறாதீங்க. எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு படிச்சதை எழுதி அனுப்புங்க. வீட்டை நான் முடிக்கிறேன். படிப்பை நீங்க முடிங்க.'

அதற்கப்புறம் அவன் பெட்டியைக் கட்டவில்லை. வாரம் ஒரு கடிதம் போனது, வாரம் ஒரு பதில் வந்தது.

சாணார்பட்டிச் சாலையில் குதிரை வண்டி நின்றபோது, வீடு ஓடு போட்டு, வெள்ளை அடித்து, முழுசாக நின்றது. வாசலில் அய்யம்மாள். பக்கத்திலேயே, கையில் குழம்புச் சட்டியோடு அடுத்த வீட்டு அமலராணி டீச்சர்.

"வாங்க இன்ஜினீயர் தம்பி. பிரயாணத்துல வந்திருக்கீங்க, சோத்துக்கு வெஞ்சனமா இருக்கட்டும்னு மொச்சைக் குழம்பு கொண்டாந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னாலயே ஓடு போட்டாச்சு, பாத்தீங்களா? ஒச்சப்பக் கொத்தனாரு இப்ப ஒங்க வீட்டம்மாவைத்தான் மேஸ்திரின்னு கூப்புடுறாரு."

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை கொடுப்பாரு?" என்றான் சோலைமுத்து.

"சாந்துச் சட்டி தூக்கலாம்" என்றாள் அய்யம்மாள்.

டீச்சர் சிரித்துவிட்டு, கிளம்பும்போது அவள் காதோரம் சொன்னது அவனுக்கும் கேட்டது. "இன்னிக்காவது கேட்டுரு அய்யம்மா. நானும் எத்தனை நாளைக்கு?"

அய்யம்மாளின் முகம் வாடியது. "செத்த உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்" என்று அவனைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடிக்கவில்லை. சுவர் நெடுகக் கரித்துண்டால் போட்ட வட்டங்கள். ஒன்றுக்குள் கிணறு, ஒன்றுக்குள் செங்கல், ஒன்றுக்குள் வாசல் நிலை, ஒன்றுக்குள் ஓடு. வட்டத்துக்கு வட்டம் ஒரு கோடு. நிலையிலிருந்து ஓட்டுக்குப் போன கோடு மட்டும் செம்மண்ணால் பட்டையாக இருந்தது.

கல்லூரியில் கரும்பலகை நிறையப் பார்த்த அதே வரைபடம்.

"இந்தச் சிவப்புக் கோடு?"

"அது பிந்துனா அம்புட்டும் பிந்தும். ஆசாரி நிலை செஞ்சு குடுத்தாத்தான் சுவரு எழும்பும், சுவரு எழும்புனாத்தான் ஓடு. அதான் கொத்தனாருக்கு முந்தி ஆசாரியைப் புடிச்சேன். எல்லாம் நீங்க எழுதினதைக் கேட்டுத்தான்."

"இதைச் சொல்லிக் குடுக்க எங்க புரொபசருக்கு மூணு மாசம் ஆச்சு" என்றான் அவன். "ஆனா வட்டத்துக்குள்ள வேலையோட பேரை எழுதணும் புள்ள. நீ பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி படம் போட்டு வச்சிருக்க."

அவள் சிரிக்கவில்லை.

வரிசையின் கோடியில் ஒரு பூட்டு வரைந்திருந்தது. வீடு முடிந்தது என்று அர்த்தம் போலும். அதையும் தாண்டி ஒரு கோடு போய், வெறும் வட்டத்தில் முடிந்தது.

"இது என்ன?"

"வந்ததும் கேக்குறேன்னு சொன்னேனே, அது."

"உள்ள ஒண்ணையும் காணோமே."

"அதைப் படமாப் போட வரலை."

சங்கிலி கேட்பாளோ, பழனிக்குக் கூட்டிப் போகச் சொல்வாளோ என்று அவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். எது கேட்டாலும் செய்வது என்று முடிவும் செய்திருந்தான். கையிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு பவுண்டன் பேனாவையும் நோட்டையும் எடுத்தான்.

"நாப்பத்தெட்டு கடுதாசி எழுதின கைக்குன்னு வாங்கினேன். அந்தக் கடுதாசி இல்லேன்னா இந்தப் பட்டமும் இல்ல, பதவியும் இல்ல. இந்தா, வாயால சொல்லக் கூச்சமா இருந்தா இந்த நோட்டுல எழுதிக் குடு. எதுவா இருந்தாலும் சரி."

அய்யம்மாள் பேனாவை வாங்கி, எந்தப் பக்கம் மூடி என்று தெரியாதவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லச் சொல்ல அம்புட்டுக் கடுதாசியும் டீச்சர்தான் எழுதுனாங்க" என்றாள், தலையைத் தூக்காமல். "எனக்கு எழுத்தே தெரியாதுங்க. சொல்லித் தாரீங்களா?"